ஆறில் ஒன்று அடிக்காதபோது

ஆறு சிலிண்டர் டீசல் என்ஜின் ஒன்று, ஆக்சிலேட்டரைத் தொடாமல், நிமிடத்துக்கு 600 சுற்றில் நின்று ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். நொடிக்குப் பத்து சுற்று. நான்கு ஸ்ட்ரோக் என்ஜினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை எரியும். ஆறும் சேர்ந்தால் நொடிக்கு 30 முறை அடி விழும். முப்பதும் சீராக விழும்போது காதுக்கு அது ஒரே ஓசை. ஸ்டீயரிங்கில் கை வைத்தால் லேசான அதிர்வு தெரியும், அவ்வளவுதான். ஆறில் ஒன்று எரியாமல் போனால் நொடிக்கு ஐந்து முறை ஓர் இடைவெளி விழுகிறது. அந்த வேகத்தை உடம்பு உடனே கண்டுகொள்ளும். சீட் குலுங்கும், கியர் ராடு ஆடும், பக்கக் கண்ணாடியில் பின்னால் நிற்கும் வண்டி கலங்கலாகத் தெரியும். "மிஸ் அடிக்குது" என்று ஓட்டுநர் சொல்வது இந்த ஐந்தைத்தான்.

பழைய லாரிகளில் இந்தக் கோளாறு காலையில் மட்டும் தலைகாட்டுவது உண்டு. டிசம்பர், ஜனவரியில் நீலகிரியில் காய்கறி ஏற்றும் லாரிகளை விடியலில் பார்த்தால் தெரியும். உறைபனி விழும் இரவு முழுக்க வெளியில் நின்ற வண்டி. செல்ஃப் இரண்டு மூன்று முறை இழுத்தபின் ஒருவழியாகப் பிடிக்கும். சைலன்சர் வழியே வெள்ளைப் புகை தள்ளும். ஆக்சிலேட்டரை மிதித்தால் ஏறாமல் திக்கும்; விட்டால் நின்றுவிடப் பார்க்கும். பத்து நிமிடம் போனால் ஒன்றுமே நடக்காததுபோல் சீராகிவிடும். கேத்தி, குன்னூர் தாண்டி மேட்டுப்பாளையம் இறங்கிப் பட்டறை வாசலில் நிறுத்தும்போது என்ஜின் நல்ல சூட்டில் இருக்கும். மெக்கானிக் காதைக் கொடுத்துக் கேட்பார். குறை எதுவும் கேட்காது. ஆனாலும் ஓட்டுநர் புகார் சொல்கிறார், முதலாளி போனில் கேட்கிறார். கடைசியில் டீசல் பம்பைக் கழற்றிக் கேலிபரேஷனுக்கு அனுப்புவார்கள். ஆயிரக்கணக்கில் செலவாகும். அடுத்த வாரம் ஊட்டியில் மறுபடியும் அதே வெள்ளைப் புகை.

பம்பின் மேல் பழி இவ்வளவு சுலபமாக விழுவதற்குக் காரணம், குளிர்ந்த டீசல் என்ஜினுக்குள் என்ன நடக்கிறது என்பதை யாரும் நின்று பார்க்காததுதான்.

டீசல் என்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. 1897-இல் ருடால்ஃப் டீசல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ஓட்டிக் காட்டிய என்ஜினிலிருந்து இன்றைய லாரி வரை அடிப்படை ஒன்றுதான்: காற்றை இறுக்கினால் சூடாகும், அந்தச் சூட்டில் எண்ணெயைப் பீச்சினால் தானாகப் பற்றிக்கொள்ளும். பழைய லாரி என்ஜின்களில் காற்று ஏறத்தாழ 17-இல் ஒரு பங்காகச் சுருக்கப்படுகிறது. சமவெளியில் 30 டிகிரி வெப்பத்தில் உள்ளே போகும் காற்று, கணக்குப்படி 540 டிகிரியை ஒட்டிச் சூடாகும். ஊட்டியில் 2 டிகிரியில் உள்ளே போனால் 470-க்குப் பக்கத்தில்தான் நிற்கும். 28 டிகிரி குறைவாகப் புகுந்த காற்று, இறுகி முடிக்கும்போது 70 டிகிரிக்கு மேல் குறைந்துவிடுகிறது. தவிர, 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்றே மேல். சூடும் குறைவு, அழுத்தமும் குறைவு.

இதுவும் கசிவே இல்லாத என்ஜினுக்கான கணக்குதான். குளிர்ந்திருக்கும்போது பிஸ்டன் சுருங்கி, லைனருக்கும் அதற்கும் இடையே சந்து கூடியிருக்கும். செல்ஃப் மோட்டார் என்ஜினை மெதுவாகச் சுற்றுவதால், இறுகும் காற்று ரிங் வழியே நழுவ நேரம் கிடைக்கிறது. சில்லென்ற இரும்புச் சுவரும் சூட்டை உறிஞ்சுகிறது. பேட்டரி சோர்ந்திருந்தால் சுற்று இன்னும் குறையும், இழப்பு இன்னும் கூடும். ஆகவே காலையில் மட்டும் திணறும் வண்டியில் முதலில் பார்க்க வேண்டியவை பேட்டரி முனைகளும் செல்ஃப் வயர்களும். கால் மணி நேர வேலை.

டீசல் பீச்சப்பட்டவுடன் எரிந்துவிடாது. துளிகள் ஆவியாகி, காற்றோடு கலந்து, வேதிவினை தொடங்கிப் பற்றுவதற்கு ஒரு தாமதம் உண்டு. சூடான என்ஜினில் அது ஓரிரு மில்லிநொடி. 600 சுற்றில் கிராங்க் ஒரு டிகிரி திரும்ப ஏறத்தாழ 0.28 மில்லிநொடி ஆகும். தாமதம் இரண்டு மில்லிநொடி கூடினாலே எரிய வேண்டிய தருணம் ஏழு டிகிரி தள்ளிப்போகிறது. அதற்குள் பிஸ்டன் மேல் முனையைத் தாண்டிக் கீழே இறங்கத் தொடங்கிவிடும். காற்று விரிந்து ஆறுகிறது. பாதி பற்றியது அணைகிறது, அல்லது பற்றாமலே போகிறது. எரியாத டீசல் ஆவியாகவும் நுண்துளியாகவும் சைலன்சர் வழியே வெளியேறுவதுதான் அந்த வெள்ளைப் புகை. கண் எரிவதற்குக் காரணம் அதில் அரைகுறையாக எரிந்து உருவான ஆல்டிஹைடுகள்.

சரி, இந்தக் கோளாறு ஏன் நின்று ஓடும்போது இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது? ஓட்டத்தில் ஏன் மறைந்துவிடுகிறது? 97 மில்லிமீட்டர் போர் கொண்ட, 5.7 லிட்டருக்குச் சற்றுக் குறைவான டாடா 697 என்ஜினை எடுத்துக்கொள்ளலாம். நின்று ஓடும்போது மணிக்கு ஒன்றேகால், ஒன்றரை லிட்டர் டீசல் குடிக்கும் என்று வைத்துக்கொண்டால், அந்த ஒரு மணி நேரத்தில் டீசலைப் பீச்சும் ஆறு நாசில்களும் சேர்ந்து 1,08,000 முறை பீச்சுகின்றன. வகுத்துப் பார்த்தால் ஒரு பீச்சுக்கு 12 முதல் 14 கன மில்லிமீட்டர் வருகிறது. ஒரு சொட்டுத் தண்ணீரில் கால் பங்கு. அந்தக் கால் சொட்டைப் பல நுண்துளைகளுக்குப் பிரித்து, ஆறு சிலிண்டருக்கும் ஒரே அளவில், ஒரே தருணத்தில் தர வேண்டும். தேய்ந்த நாசில் ஒன்று மூன்று கன மில்லிமீட்டர் குறைத்துக் கொடுத்தால், நிற்கும்போது அது கால்வாசிப் பட்டினி. முழு பாரத்தில் ஒரு பீச்சுக்கு 60 கன மில்லிமீட்டர் அளவில் போகும்போது அதே மூன்று வெறும் 5 சதவீதம். ஃப்ளைவீலின் சுழலாற்றலும் வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவது: 600 சுற்றில் இருப்பதைப்போல் ஒன்பது மடங்கு 1,800 சுற்றில் இருக்கும். தவறிய அடியை அது விழுங்கிவிடுகிறது.

நின்று ஓடும் குளிர்ந்த என்ஜின், அதனால், பழுது பார்ப்பவருக்குக் கிடைக்கும் மிக நுட்பமான சோதனைக் கருவி. சூடேறிவிட்டால் அந்தக் கருவி கையைவிட்டுப் போய்விடுகிறது. விலை உயர்ந்த எந்த உபகரணமும் ஈடாகாத அந்த முதல் சில நிமிடங்களை நம் பட்டறைகள் அநேகமாக வீணாக்குகின்றன.

அந்த நிமிடங்களில் முதலில் பார்க்க வேண்டியது புகை. டீசல் நெடியோடு கண்ணைக் கரிக்கும் வெள்ளைப் புகை, சூடேறினால் மறைந்துவிடுமானால், நாம் மேலே பார்த்த கதை. சூடேறிய பிறகும் வெள்ளையாகவே வந்து, கண்ணைக் கரிக்காமல், ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்துகொண்டே போனால் அது நீராவி. ஹெட் கேஸ்கெட்டையோ ஹெட் விரிசலையோ சந்தேகிக்க வேண்டும். நீலம் என்றால் என்ஜின் ஆயில் எரிகிறது. கறுப்பு என்றால் காற்று போதவில்லை அல்லது டீசல் மிகுதி. ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள்.

அடுத்து, அடி எந்த வகையில் தவறுகிறது என்று கேட்க வேண்டும். நொடிக்கு ஐந்தாக, தாளம் தப்பாமல் ஒரே இடைவெளி விழுந்தால் குறிப்பிட்ட ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை. இடைவெளி கண்டபடி வந்தால் கோளாறு எல்லாச் சிலிண்டருக்கும் பொதுவானது: காற்று, டைமிங், அல்லது ஒட்டுமொத்தமாகக் குறைந்த கம்ப்ரஷன். என்ஜின் வேகமே மெதுவாக ஏறி இறங்கி, ஏறி இறங்கி ஓடினால் அது மிஸ் அடிப்பதே இல்லை. வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் சரியான வேகத்தைத் தேடித் தவிக்கிறது. பட்டறையில் ஹண்டிங் என்பார்கள். இந்த மூன்றையும் பிரித்துக் கேட்கத் தெரிந்தவர் பாதி வேலையை முடித்தவர். இன்னொன்றும் உண்டு: அடி எல்லாம் சரியாக விழுந்தும் கேபின் மட்டும் குலுங்கினால் என்ஜின் மவுண்டிங் ரப்பர் செத்திருக்கும்.

எந்தச் சிலிண்டர் என்று கண்டுபிடிக்க, ஸ்டார்ட் ஆன ஓரிரு நிமிடத்தில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் ஆறு வாய்களையும் பார்த்தால் போதும். ஐந்து சூடேறிக்கொண்டிருக்கும்போது ஒன்று பின்தங்கும். பழைய மெக்கானிக்குகள் ஒவ்வொரு வாயிலும் தண்ணீரைத் தெளித்துப் பார்ப்பார்கள். எங்கே சுர்ரென்று காயவில்லையோ அதுதான். கொரோனா காலத்தில் எல்லோருக்கும் பழக்கமான, தொடாமல் சூடு பார்க்கும் கருவி பட்டறைக்கென்றே தனி வகையில் விற்கிறது. அதை வைத்துப் பார்த்தால் எண்ணாகவே தெரியும். பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்கள் இரண்டு ஒன்றாக ஆறிக் கிடந்தால், அவற்றுக்கு நடுவே ஹெட் கேஸ்கெட் விட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இதை உறுதிசெய்ய ஒரு சோதனை உண்டு. என்ஜின் ஓடும்போதே நாசில் குழாயின் நட்டை, துணியைச் சுற்றிக்கொண்டு, அரைச் சுற்று தளர்த்துவது. டீசல் வெளியே கசிந்துவிடுவதால் அந்தச் சிலிண்டர் நின்றுவிடும்.

"அண்ணே, மூணாவதைத் தளர்த்துறேன், சத்தத்தைக் கேளுங்க."

"ஒண்ணும் மாறலையே தம்பி. அதுதான். இறுக்கிட்டு நாலாவதைப் பாரு."

தளர்த்தியதும் என்ஜின் தடுமாறினால் அந்தச் சிலிண்டர் அதுவரை உழைத்துக்கொண்டிருந்தது. எந்த மாற்றமும் இல்லையென்றால் அது முன்பே செத்துக் கிடந்தது. இந்தச் சோதனையை இயந்திர பம்ப் உள்ள பழைய வண்டிகளில் மட்டுமே செய்யலாம். காமன் ரயில் என்ஜினில் குழாய்க்குள் 1,600 பாருக்கு மேலும் அழுத்தம் இருக்கும். அங்கே ஸ்பேனரை வைப்பது உயிரோடு விளையாடுவது. பழைய வண்டியிலும் விரலை அருகில் கொண்டுபோகக் கூடாது. 200 பாரில் பாயும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்தியதுபோல் ஒரு புள்ளிதான் தெரியும். உள்ளே தசை அழுகத் தொடங்கும். அப்படி நேர்ந்தால் வலி இல்லையென்றாலும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

செத்த சிலிண்டர் தெரிந்ததும் அதன் நாசிலை மாற்றிவிடத் தோன்றும். அதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. மூன்றாவது நாசிலை ஐந்தில் போட்டு, ஐந்தாவதை மூன்றில் போடுங்கள். மறுநாள் காலை ஐந்தாவது சிலிண்டர் செத்தால் குற்றவாளி நாசில். மூன்றே மறுபடியும் செத்தால் நாசில் நிரபராதி. வால்வு, ரிங், டேப்பட் அல்லது பம்பின் அந்த மூன்றாவது வழியைப் பார்க்க வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றி, மற்றதெல்லாம் அப்படியே இருக்க விடும் இந்த முறைதான் ஆய்வுக்கூடத்திலும் கையாளப்படுவது.

நாசிலைக் கழற்றினால் கை பம்ப் வைத்த நாசில் டெஸ்டரில் மாட்டிப் பார்க்கலாம். நல்ல நாசில், வண்டிக்கு வண்டி மாறினாலும், 200 பாரை ஒட்டிய அழுத்தத்தில் திறக்கும். திறக்கும்போது ஊசி துடித்து ஒரு கரகரப்பு கேட்கும். ஒவ்வொரு துளையிலிருந்தும் மெல்லிய மூட்டம் ஒரே நீளத்தில் வரும். நின்றவுடன் நுனி உலர்ந்திருக்கும். கெட்ட நாசில் மூட்டத்துக்குப் பதில் கம்பியாகப் பாய்ச்சும், அல்லது நுனியில் சொட்டும். சூடான என்ஜினில் அந்தச் சொட்டும் எப்படியோ எரிந்துவிடும். குளிர்ந்த என்ஜினில் பிஸ்டன் தலையை நனைத்துவிட்டுப் புகையாகப் போகும். சூட்டில் ஒளிந்துகொள்ளும் கோளாறு என்றால் முதலில் நாசிலைச் சந்தேகிப்பது நியாயம்.

ஒரு சிலிண்டர் என்றில்லாமல் எல்லாமே மாறி மாறித் தவறினால், என் அனுபவத்தில் பெரும்பாலும் காற்றுதான் காரணம். டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் வரை உள்ள குழாயில் டீசல் உறிஞ்சப்படுகிறது. அங்கே உள்ளழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. எனவே அந்தப் பாதையில் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே சொட்டாது. காற்று உள்ளே போகும். கீழே ஈரம் இல்லையே, கசிவு எங்கே இருக்கும் என்று கேட்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். டீசலை இறுக்கினால் அழுத்தம் உடனே ஏறும். காற்றுக் குமிழி கலந்திருந்தால் பம்பின் உந்துதல் அந்தக் குமிழியைச் சுருக்குவதிலேயே செலவாகி, நாசில் திறக்கும் அழுத்தம் எட்டாது. இரவில் வண்டி நிற்கும்போது அதே சந்து வழியே காற்று புக, குழாயிலிருக்கும் டீசல் டேங்குக்கே திரும்பி வடிந்துவிடும். காலையில் செல்ஃப் நீண்டு இழுப்பதும், பிடித்தபின் திணறுவதும், சற்றுநேரத்தில் சரியாவதும் இதனால்தான். குளிரினால் வரும் கோளாறு போலவே இருக்கும். ஆனால் குளிர் இல்லாத நாமக்கல்லிலும், எட்டு மணி நேரம் நின்றபின் இதே கதை நடக்கும். அந்த வித்தியாசத்தை ஓட்டுநரிடம் கேட்டாலே போதும், பாதி விடை வந்துவிடும்.

காற்றைப் பிடிக்கும் வழி எளிது. காலையில் செல்ஃப் போடும்முன் ஃபீட் பம்பின் ஹேண்ட் பிரைமரை அழுத்துங்கள். ஓரிரு அழுத்தத்தில் கல்லாக இறுகினால் குழாய் நிறைந்திருக்கிறது. லொடலொடவென்று பல முறை போய்ப் பிறகு இறுகினால் இரவில் வடிந்திருக்கிறது. ஃபீட் பம்புக்குள் போகும் குழாய்க்குப் பதில் கண்ணாடிபோல் தெரியும் பிளாஸ்டிக் குழாயைத் தற்காலிகமாக மாட்டினால் குமிழிகள் கண்ணெதிரே ஓடும். இன்னும் உறுதி வேண்டுமானால், என்ஜினைவிட உயரத்தில் ஒரு கேனைக் கட்டி, வடிகட்டிய டீசலை அதிலிருந்து நேரே விட்டுப் பாருங்கள். திணறல் மறைந்தால் கோளாறு டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவே. அநேகமாக ஒரு செம்பு வாஷராக இருக்கும், அல்லது டேங்குக்குள் நிற்கும் உறிஞ்சு குழாயின் வெடிப்பாக இருக்கும். செம்பு, ஒருமுறை நசுங்கியதும் கெட்டிப்பட்டு, மறுபடி இறுக்கினால் சரியாக உட்காராது. செக்கச்சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மறுபடி மெத்தென்று ஆகும். புது வாஷர் போடுவது இன்னும் நல்லது. சில ரூபாய்ச் செலவுதான்.

நன்றாக ஸ்டார்ட் ஆகி, சில நிமிடம் ஓடி, பிறகு மூச்சுமுட்டி நிற்கும் வண்டி வேறு வகை. அங்கே டீசல் போதுமான அளவு வந்து சேரவில்லை: அடைத்த ஃபில்டர், ஃபில்டர் அடியில் தேங்கிய தண்ணீர், வடக்கே போகும் வண்டியானால் மெழுகு. தெற்கே நிரப்பிய டீசலோடு குளிர்காலத்தில் காஷ்மீர் வரை போகும் லாரிகளில் டீசலிலுள்ள மெழுகு உறைந்து ஃபில்டரை அடைத்துவிடும். லடாக்குக்கென்று 2019-இல் இந்தியன் ஆயில் கொண்டுவந்த குளிர்கால டீசல் மைனஸ் 33 டிகிரி வரை ஓடும் தன்மை கொண்டது. டேங்கின் அடியில் தீ மூட்டுவது அங்கே சிலர் செய்யும் வழக்கம். தயவுசெய்து யாரும் அதைச் செய்ய வேண்டாம்.

டேப்பட்டை மறந்துவிடக் கூடாது. வால்வுத் தண்டுக்கும் ராக்கருக்கும் இடையே மில்லிமீட்டரில் பத்தில் சில பங்கு இடைவெளி இருக்க வேண்டும். இறுகிப்போனால் வால்வு முழுதாக உட்காராது. ஏற்கெனவே குறைவான கம்ப்ரஷன் இன்னும் ஒழுகும். ஃபீலர் கேஜும் ஒரு மணி நேரப் பொறுமையும் போதும்.

தெர்மோஸ்டாட் வால்வைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு" என்று அதைக் கழற்றி எறிந்துவிடும் பழக்கம் பல பட்டறைகளில் இருக்கிறது. ஏறத்தாழ 80 டிகிரி வரும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுத்து, என்ஜினைச் சீக்கிரம் சூடாக்குவதுதான் அதன் வேலை. அது இல்லாத வண்டி, மலையிலிருந்து பாரத்தோடு இறங்கும்போது, டீசலே எரியாத இறக்கத்தில், மறுபடியும் ஆறிப்போகும். திணறலும் வெள்ளைப் புகையும் காலையோடு முடியாமல் நாளெல்லாம் தொடரும். அதைவிட மோசம், ஆறிய லைனர் சுவரில் ஈரம் படிந்து, டீசலின் கந்தகத்தோடு சேர்ந்து அமிலமாகி அரிக்கிறது. எரியாத டீசல் ஆயில் படலத்தைக் கழுவிவிடுகிறது. ரிங் தேய்ந்து கம்ப்ரஷன் குறைய, அடுத்த குளிர்காலத்தில் திணறல் கூடும். சில நூறு ரூபாய் உதிரிபாகத்தை எறிந்துவிட்டு, லைனர், பிஸ்டன் செட்டுக்குப் பல ஆயிரம் கொடுக்கிறோம். இதை நான் தொழில் தவறு என்றே சொல்வேன்.

இவ்வளவும் பார்த்த பிறகே பம்ப். நெடுங்காலம் மைக்கோ என்ற பெயரில் பெங்களூரிலிருந்து வந்து, பிறகு பாஷ் என்று பெயர் மாறிய நிறுவனத்தின் வரிசை பம்புகள் இந்த நாட்டின் லாரிகளில் பல லட்சம் கிலோமீட்டர் உழைத்தவை. சுத்தமான டீசல் கொடுத்தால் எளிதில் கெடாதவை. ஹண்டிங் இருந்து காற்றும் இல்லையென்றாலோ, நாசிலை மாற்றிப் போட்டும் அதே சிலிண்டர் கம்ப்ரஷன் நன்றாக இருந்தும் செத்தாலோ, டைமிங் பிந்தியிருப்பது அளந்து உறுதியானாலோ பம்பைத் தொடலாம். ஊகத்தின் பேரில் கழற்றினால், திரும்ப மாட்டும்போது டைமிங் ஓரிரு டிகிரி பிசகி, இல்லாத கோளாறும் வந்து சேரும்.

லாரி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வண்டி காலையில் திணறுகிறது என்றால், முந்தின மாலையே கொண்டுபோய்ப் பட்டறையில் நிறுத்திவிடுங்கள். ஓட்டுநரையும் மறுநாள் விடியலில் அங்கே இருக்கச் சொல்லுங்கள். மெக்கானிக் வந்து மேனிஃபோல்டின் பக்கத்தில் நிற்கும்வரை யாரும் செல்ஃப் போடக் கூடாது.